உலோகம் என்று நினைத்த சிறுகோள்

ரேடார் பதிவிலிருந்து ஒரு சிறுகோளின் உருவத்தைக் கட்டும் வேலை எனக்கு வந்தது. புவேர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியின் 305 மீட்டர் தட்டு 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டது; அது எடுத்து வைத்த பழைய பதிவுகள்தான் என் கையில்.

முதல் படத்தைத் திறந்தபோது புகைப்படம் போலவே பார்த்தேன். கறுப்புப் பின்னணியில் வெண்புள்ளிகள் இறைந்த ஒரு பிறை. மேலே இருப்பது வட துருவம் என்று குறித்தும் வைத்தேன். தவறு. மேலிருந்து கீழே போவது தொலைவு, அதாவது எதிரொலி திரும்ப எடுத்த நேரம்; ஒரு வரிசைக்கு 7.5 மீட்டர். இடவலமாக விரிவது டாப்ளர் மாற்றம், அதாவது அசைவால் எதிரொலியின் அதிர்வெண் மாறுவது: சுழற்சியில் நம்மை நோக்கி வரும் விளிம்பு ஒரு பக்கம், விலகும் விளிம்பு மறுபக்கம். வடக்கில் ஒரு பாறையும் தெற்கில் ஒரு பாறையும் ஒரே தொலைவில், ஒரே வேகத்தில் இருந்தால் இரண்டும் ஒரே புள்ளியில் போய் விழும். இது மண்டையில் ஏறவே சில வாரம் ஆயிற்று.

அப்புறம் அளவு. சுழற்சி நேரம் தெரியும், டாப்ளர் அகலம் தெரியும். சிறுகோளின் நடுக்கோட்டுக்கு நேரே இருந்து பார்க்கிறோம் என்று வைத்துக்கொண்டு விட்டத்தைக் கணக்கிட்டேன். சின்னதாக வந்தது. அவ்வளவு சின்ன உடல் இவ்வளவு பலமாக எதிரொலிக்கிறதென்றால் உலோகமாகத்தான் இருக்க வேண்டும்! நாய் எலும்பு போன்ற கிளியோபாட்ரா என்ற சிறுகோளை உலோகம் என்று ரேடார் சொன்னதும் இந்தப் பிரகாசத்தை வைத்துத்தானே. அன்றிரவு தூக்கமே வரவில்லை.

நான்காம் இரவின் பதிவு அதைக் கலைத்தது. வானில் சிறுகோள் நகர்ந்திருந்தது, டாப்ளர் அகலம் கூடியிருந்தது. நடுக்கோட்டுக்கு நேரே பார்க்கும்போதுதான் அகலம் உச்சம். அதற்குமேல் கூட இடமே இல்லை. அப்படியென்றால் முதல் இரவில் நாம் சாய்வாகப் பார்த்திருக்கிறோம். துருவத்தை, அதாவது சுழலும் அச்சின் திசையைச் சாய்த்துக் கணக்கை மறுபடி ஓட்டினேன். விட்டம் வளர்ந்தது, பரப்பு அதைவிட வேகமாக வளர்ந்தது, அதே எதிரொலியை அந்தப் பெரிய பரப்பால் வகுத்தபோது எதிரொலித் திறன் கிட்டத்தட்ட பாதியானது. சரி, இது பாறைதான். உருவம் பிழையானால் பொருளும் பிழையாகிவிடும் என்று எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆனாலும் துருவத்துக்கு இரண்டு விடைகள் நின்றன. இரண்டிலும் அகலம் ஒன்றுதான். எல்லா இரவுகளின் படங்களோடும் ஒப்பிட்டேன். ஒன்றில் ஓரத்துக் குன்று கடைசி இரவில் பதினோரு வரிசை தள்ளி விழுந்தது. அந்த விடையை நீக்கினேன்.