நூலகத் தரவுத்தளத்தில் தேடும் முறை

கூகுளில் போடுவதுபோல முழு வாக்கியத்தைப் போட்டால் பெரும்பாலும் வெறுங்கைதான். பல தரவுத்தளங்கள் எல்லாச் சொற்களும் ஒரே பதிவில் இருக்கிறதா என்று பார்க்கின்றன. கேள்வியை இரண்டு மூன்று கருத்துகளாக உடையுங்கள். ஒத்த சொற்களுக்கு நடுவே ‘ஆர்’ (OR), வெவ்வேறு கருத்துகளுக்கு நடுவே ‘அண்ட்’ (AND) போடுங்கள். ‘ஆர்’ தொகுதியை அடைப்புக்குறிக்குள் போடாவிட்டால் முடிவுகள் குழம்பிவிடும்.

பொருத்தமான ஒரு கட்டுரை கிடைத்ததும் அதன் பொருள் தலைப்புகளைப் பாருங்கள், அதாவது கட்டுரை எதைப் பற்றியது என்று குறிக்கத் தரவுத்தளம் சேர்க்கும் நிலையான சொற்களை. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட்டில் ‘ஹார்ட் அட்டாக்’குக்கு ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்பதே தலைப்பு. அதை வைத்துத் தேடினால் வேறு சொல்லில் எழுதிய கட்டுரைகளும் சிக்கும். இந்த வசதிக்காகவே தரவுத்தளம் பழகலாம். ஆனால் புத்தம்புதிய கட்டுரைகளுக்குப் பொருள் தலைப்பு இன்னும் ஏறாமல் இருக்கலாம், சாதாரணச் சொல்லாலும் தேடுங்கள்.

சேமிக்கும்போது முகவரிப் பட்டையில் இருப்பதை நகலெடுக்காதீர்கள். பல தளங்களில் அது லாக்-அவுட் ஆனதும் வேலை செய்யாது, ‘பெர்மாலிங்க்’கை, அதாவது தளம் தரும் நிரந்தர இணைப்பை எடுங்கள்.