மெஷின் நின்ற நேரத்தை யாராவது எழுதி வைத்திருக்கிறீர்களா?

தொழிற்சாலை நடத்துகிறவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் பேச்சு எங்கே சுற்றி எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். ஆள் கிடைப்பதில்லை, மூலப்பொருள் விலை நிலையாக இல்லை, வாடிக்கையாளர் விலையையும் குறைக்கச் சொல்கிறார் டெலிவரி தேதியையும் முன்னுக்கு இழுக்கிறார், கரண்ட் செலவு கையைக் கடிக்கிறது. எல்லாம் உண்மைதான். இருபது வருஷத்துக்கு மேலாக ஷாப் ஃப்ளோரில் நிற்கிறவன் நான், இதில் ஒன்றைக்கூட இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவற்றில் பல நம் கையில் இல்லாதவை. நம் கையில் இருப்பது நம் கூரைக்குக் கீழே நடப்பது மட்டும்தான், அதைத்தான் நாம் அளந்தே பார்ப்பதில்லை. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் மெஷின் ஒன்றில் டை, அதாவது அந்த வடிவத்தைத் தரும் அச்சு, மாற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். "ஒரு மணி நேரம் ஆகும் சார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். நான் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பிரஸ்ஸுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பழைய டையில் கடைசி நல்ல பீஸ் விழுந்ததிலிருந்து புது டையில் முதல் நல்ல பீஸ் விழும்வரை 2 மணி 25 நிமிடம். அதாவது 145 நிமிடம். ஃபோர்க்லிஃப்ட் வெளியே லாரியில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்ததால் அதற்காகக் காத்திருந்தது 22 நிமிடம். டையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட் ஒன்று காணவில்லை, டூல் ரூமுக்குப் போய்த் தேடி எடுத்து வர 18. புது டையின் உயரம் வேறு என்பதால் ஸ்ட்ரோக்கை, அதாவது பிரஸ் ஏறி இறங்கும் அளவை, சரிசெய்து, மூன்று முறை ட்ரையல் எடுக்க 30. முதல் பீஸைப் பார்க்க வேண்டிய இன்ஸ்பெக்டர் இரண்டு செக்‌ஷனுக்கும் ஒரே ஆள், அவர் வந்து ஓகே சொல்ல 35. ஆக, டையைக் கழற்றி மாட்டிய வேலை வெறும் 40 நிமிடம்தான். அங்கே ஒருவர்கூடச் சோம்பேறித்தனமாக நிற்கவில்லை என்பதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். மெஷின் மட்டும்தான் நின்றது.

இதில் புதுசு ஒன்றும் இல்லை. 1950இல் ஜப்பானில், ஹிரோஷிமாவில் மஸ்டா வண்டிகள் செய்த டோயோ கோக்யோ ஆலையில், ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் இதே காட்சியைத்தான் பார்த்தார். பெரிய பிரஸ் ஒன்றில் டை மாற்றும்போது ஒரு போல்ட் காணாமல் போக, தொழிலாளி ஒரு மணி நேரத்துக்கும் மேல் அலைந்து, கடைசியில் வேறொரு மெஷினுக்கான நீள போல்ட்டை எடுத்து வெட்டி மரை போட்டுக் கொண்டு வந்தாராம். மெஷின் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை எது, ஓடும்போதே முடித்து வைக்கக்கூடியது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற யோசனை ஷிங்கோவுக்கு அங்கேதான் பிறந்தது. பிற்பாடு 1969இல் டொயோட்டாவில் 1000 டன் பிரஸ் ஒன்றின் செட்டிங், அதாவது டை மாற்றி ஓட்டத்துக்குத் தயார் செய்வது, 4 மணி நேரம் ஆகிக்கொண்டிருந்ததை முதலில் ஒன்றரை மணி நேரத்துக்கும், அப்புறம் 3 நிமிடத்துக்கும் கொண்டுவந்தார்கள்.

நாங்கள் 3 நிமிடத்தைத் தொடவில்லை. நான்கு மாதம் உழைத்து 38 நிமிடத்துக்கு வந்தோம், அதுவும் புது மெஷின் எதுவும் வாங்காமல். எல்லா டைகளுக்கும் அடியில் தட்டு வைத்து உயரத்தை ஒன்றாக்கினோம். அந்தந்த டைக்கான போல்ட்டுகள் அதனுடனேயே ஒரு பலகையில் மாட்டித் தொங்கும். ஒரு இடம் காலியாக இருந்தால் தூரத்திலிருந்தே தெரியும். டை முன்கூட்டியே பிரஸ் பக்கத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும். இன்ஸ்பெக்டருக்கு அரை மணி முன்பே தகவல் போய்விடும்.

இதனால் என்ன லாபம், ஒன்றே முக்கால் மணி நேரம்தானே என்று கேட்கலாம். லாபம் அந்த நேரத்தில் மட்டும் இல்லை. டை மாற்றுவது பெரிய பாடாக இருக்கும்வரை, மாட்டியதை உடனே கழற்ற மனம் வராது, ஒரே அயிட்டத்தை ஆயிரக்கணக்கில் அடித்துக் குவிப்போம். குவிந்தது எல்லாம் முடங்கிய பணம். கணக்கும் எளிது: உள்ளே அரைகுறையாக 6000 பீஸ் கிடக்கிறது, ஒரு நாளைக்கு வெளியே போவது 500 என்றால், இன்று உள்ளே வரும் பொருள் வெளியே போக 12 நாள் ஆகும். வாடிக்கையாளர் 5 நாளில் கேட்கிறார் என்றால் ஆட்களை விரட்டி என்ன பயன், உள்ளே கிடப்பதைக் குறைக்காமல் அந்த 12 குறையாது. செட்டிங் சுலபமான பிறகுதான் எங்களால் ஒரு தடவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, சின்னச் சின்ன லாட்டாக ஓட்ட முடிந்தது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மெஷின் ஓட வேண்டிய நேரத்தில் 90 சதவீதம் ஓடுகிறது, வேகம் 90 சதவீதம், நல்ல பீஸ் 90 சதவீதம் என்றால் தனித்தனியாகப் பார்க்க மூன்றும் நன்றாகத்தான் தெரியும். மூன்றையும் பெருக்கினால் 72.9 சதவீதம். கால்வாசிக்கும் மேல் போய்விட்டது. இன்னொரு மெஷின் வாங்க லோனுக்கு அலைவதற்கு முன்னால் இந்தக் கால்வாசி எங்கே போகிறது என்று பார்ப்பது நல்லது.

சரி, ஆள் பிரச்சினைக்கு வருகிறேன், எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். எங்களிடம் ஒரு மூத்த செட்டர் இருந்தார், மெஷினைச் சரிசெய்து ஓட்டத்துக்குத் தயாராக்குகிறவர். கியர்பாக்ஸில் ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "இந்த பேரிங் இன்னும் ரெண்டு வாரம் தாங்கும்" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவர் ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கும்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவசர அவசரமாக அவர் செய்வதையெல்லாம் வீடியோ எடுத்தோம். அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இதுல என் கை தெரியுது தம்பி. என் காது தெரியல."

அந்த ஒரு வார்த்தையில் வீடியோவை ஓரம் வைத்துவிட்டு ஒரு இளைஞனை ஆறு மாதம் அவர் கூடவே நிறுத்தினோம். உற்பத்தி கணக்கில் இல்லாத ஆளுக்கு ஆறு மாதச் சம்பளமா என்று மேலே கேட்டார்கள், அந்த வாக்குவாதம் கொஞ்ச நாள் ஓடியது. இன்று அந்தப் பையன்தான் எங்கள் செட்டர். யார் எந்த மெஷினைத் தனியாக ஓட்டுவார், யார் இன்னொருவருக்குக் கற்றுத்தருவார் என்று சுவரில் ஒரு அட்டவணை மாட்டினோம். எந்த வரிசையில் ஒரே ஒரு பெயர் இருக்கிறதோ அங்கே நமக்கு ஆபத்து. புதுசாக ஒரு மெஷின் கற்றுக்கொண்டால் சம்பளம் ஏறும் என்பதையும் எழுத்தில் வைத்தோம். இளைஞர்கள் தொழிற்சாலைக்கு வர மாட்டேன் என்கிறார்கள் என்று குறைப்படுவதை நான் நிறுத்திவிட்டேன். சூடு, சத்தம், ஐந்து வருஷம் கழித்துத் தான் என்னவாக இருப்போம் என்று தெரியாத நிலை, இதையெல்லாம் வைத்துக்கொண்டு எப்படி வருவார்கள்?

சப்ளையர் விஷயத்தில் எல்லோரும் படிக்க வேண்டிய கதை 1997இல் நடந்தது. டொயோட்டாவின் பிரேக்குக்கு வேண்டிய ஒரு சின்ன வால்வை அநேகமாக முழுக்க ஐசின் நிறுவனத்தின் ஒரே ஆலை செய்துகொண்டிருந்தது. பிப்ரவரி 1ஆம் தேதி அங்கே தீப்பிடித்தது. கையிருப்பு மிகக் கொஞ்சம், சில நாட்களில் டொயோட்டாவின் அசெம்பிளி லைன்கள் ஒவ்வொன்றாக நின்றன. அதன்பின் மற்ற சப்ளையர்கள், அந்த வால்வை அதுவரை செய்தே பழக்கமில்லாதவர்கள்கூட, வரைபடத்தை வாங்கித் தங்கள் மெஷினில் செய்து கொடுத்துச் சில நாட்களிலேயே மீட்டார்கள். இதில் எனக்கு இரண்டு விஷயம் படுகிறது. லைனை நிறுத்துவது பெரும்பாலும் விலை குறைந்த சின்னப் பொருள்தான். இன்னொன்று, பைசா பைசாவாகக் கசக்கி வாங்கிய சப்ளையர் அவசரத்துக்கு ஓடி வர மாட்டார். நாங்கள் வாங்கும் ஒவ்வொரு அயிட்டத்துக்கும் எதிரே "இது நாளைக்கு வரவில்லை என்றால் லைன் என்றைக்கு நிற்கும்?" என்று எழுதிப் பார்த்தோம். ஒரு ரப்பர் சீல், இரண்டே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கும். இப்போது அதில் மட்டும் இரண்டு மாத ஸ்டாக் வைக்கிறோம், இரண்டாவது சப்ளையரும் உண்டு. எல்லாவற்றிலும் ஸ்டாக் வைப்பது எங்களுக்குக் கட்டாது.

அப்புறம் தொழில்நுட்பம். ஒருமுறை சென்சார், டிஸ்ப்ளே, ரிப்போர்ட் என்று ஒரு சிஸ்டம் வாங்கினோம். மெஷின் நின்றால் ஆப்பரேட்டர் காரணத்தைத் தேர்வு செய்ய வேண்டும், பட்டியலில் நாற்பது காரணங்கள். அவசரத்தில் யார் தேடுவார்கள், எல்லோரும் கடைசியில் இருந்த "மற்றவை"யை அழுத்தினார்கள். மாதக் கடைசியில் வந்த அழகான படத்தில் பெரிய துண்டு "மற்றவை". தவறு ஆப்பரேட்டர்களுடையது இல்லை, அவர்களைக் கேட்காமல் பட்டியல் போட்ட எங்களுடையது. திரும்பப் பேப்பருக்கு வந்து, அவர்கள் எழுதியதிலிருந்து ஆறு காரணங்களை எடுத்து, அதைத்தான் பிறகு சிஸ்டத்தில் போட்டோம். கம்ப்யூட்டரோடு இணைத்த பிறகு பாதுகாப்பையும் பார்த்தாக வேண்டும். 2019 மார்ச்சில் நார்ஸ்க் ஹைட்ரோ என்ற அலுமினிய நிறுவனத்தை ரான்சம்வேர், அதாவது கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், தாக்கியபோது, அவர்கள் பணம் கொடுக்க மறுத்து, பல ஆலைகளைக் கையாலும் காகிதத்தாலும் ஓட்டினார்கள். மெஷினை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டரான பிஎல்சியின் புரோகிராமுக்கு உங்களிடம் பேக்கப் எங்கே இருக்கிறது? மெஷின் கொண்டுவந்து நிறுத்திய இன்ஜினியரின் லேப்டாப்பில் மட்டும் என்றால், இந்த வாரமே வாங்கி வைத்துவிடுங்கள்.

கரண்ட் செலவுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். லீவு நாளில், மெஷின் எல்லாம் நின்றபின், கம்ப்ரெசரை மட்டும் ஓடவிட்டுக் கூடத்துக்குள் நடந்து பாருங்கள். உஸ்ஸென்று சத்தம் வருகிற இடமெல்லாம் காற்று கசிகிறது. சரியாகக் கவனிக்காத ஆலைகளில் கம்ப்ரெசர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் இப்படிப் போவது சாதாரணம். நாங்கள் ஒவ்வொரு கசிவிலும் சிவப்பு நாடா கட்டிக்கொண்டே போனோம், ஒரு சுருள் தீர்ந்துபோனது.

அந்த பிரஸ் பக்கத்தில் இப்போது ஒரு கரும்பலகை இருக்கிறது. ஒவ்வொரு டை மாற்றத்துக்கும் ஆன நேரத்தையும், எதற்காகக் காத்திருந்தார்கள் என்பதையும் ஆப்பரேட்டர்களே எழுதுகிறார்கள், யாரும் திட்டுவதில்லை என்பதால் உள்ளதை எழுதுகிறார்கள். போன வாரம் 31 நிமிடம். அதற்கு எதிரே "ஃபோர்க்லிஃப்ட் - 9" என்று எழுதியிருந்தது. லாரி வரும் நேரத்தை மாற்ற முடியுமா என்று ஸ்டோர்ஸில் பேசிக்கொண்டிருக்கிறேன்.