இடப்பக்கம்

நம் பள்ளித் தமிழையா இறந்த செய்தி குழுவில் வந்தபோது வேலை முடிந்து ஜூரோங்கிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் பீரோவைத் திறந்து அந்த நோட்டை எடுத்தேன். நம் பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுத என்னிடம் இருப்பது இந்த நோட்டு ஒன்றுதான்.

நம் பள்ளிக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் சுவரில் பதித்த ‘இன்று ஒரு பொன்மொழி’ப் பலகையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு வகுப்பின் முறை. எங்கள் வகுப்பின் முறை வந்தால் என்னைத்தான் எழுத விடுவார்கள். கையெழுத்துக்காக இல்லை, என்னிடம் சரக்கு இருந்தது.

ஏழாம் வகுப்பில் சேர்க்க ஆரம்பித்தேன். தினசரிக் காலண்டரில் தேதிக்குக் கீழே போட்டிருக்கும் வரி, மளிகைக் கடையில் பருப்பு மடித்துத் தந்த காகிதத்தில் பாதி கிழிந்த வரி, பென்னாகரம் பஸ்ஸில் ஓட்டுநர் தலைக்கு மேலே எழுதிய குறள், எதையும் விட்டதில்லை. இறங்கும் இடம் வருவதற்குள் குறளை மனப்பாடம் செய்துகொண்டு, வீடு வரும்வரை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே நடப்பேன். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். ராத்திரி சிம்னி விளக்கில், நல்ல கோடு போட்ட நோட்டில் மைப்பேனாவால் எழுதி எண் போடும்போது வந்த சந்தோஷம் வேறு எதிலும் எனக்கு வந்ததில்லை. எங்கள் வீட்டில் எண்ணி வைக்க வேறு பொருள் எதுவும் இல்லை. பத்தாம் வகுப்பில் என் கணக்கு 412.

அப்போது அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். மழை பொய்த்து, கேழ்வரகு கதிர் பிடிக்காமல் கருகினால் நம் பக்கத்து ஆட்களுக்குப் பெங்களூர்தானே கதி? மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான்கு ரோட்டுக்கு நடப்பார். அம்மா வாசலோடு நின்றுவிடுவாள். அந்த நாட்களில் ஒரு காலண்டர் தாளில் ‘எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே’ என்ற வரியைப் பார்த்தேன். கீழே ‘ஔவையார்’ என்று இருந்தது. அப்பாவுக்காகவே யாரோ சொல்லிவைத்தது போல இருந்தது எனக்கு.

1982-இல் எங்கள் முறை வந்த திங்கட்கிழமை அந்த வரியைப் பலகையில் எழுதினேன். ஒன்று போதாதென்று அதன் கீழே ‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடு’ என்பதையும் சேர்த்து, இரண்டுக்கும் பொதுவாக ‘ஔவைப்பாட்டி’ என்று அழகாகப் போட்டேன்.

பிரேயர் முடிந்ததும் தமிழையா என்னை முன்னால் கூப்பிட்டார். பள்ளிக்கூடமே வரிசையில் நிற்கிறது.

“முதல் வரி யாரு, யார்கிட்ட சொன்னது?”

“ஔவைப்பாட்டி, ஐயா. எல்லாருக்கும் சொன்னது.”

“எந்த ஊர்ல?”

தெரியவில்லை.

“அதுக்கு முந்தின வரி?”

அதுவும் தெரியவில்லை. முந்தின வரி என்று ஒன்று இருக்கும் என்றே நான் நினைத்ததில்லை.

“அர்த்தமாவது சொல்லு.”

“எங்க போனாலும் சோறு கிடைக்கும்னு, ஐயா.”

வரிசையில் சிரிப்பு கிளம்பியது. அவர் சிரிக்கவில்லை. “நீ நிக்கிற மண்ணுல சொன்னதுடா அது. அழிச்சிடு” என்றார். எல்லோரும் பார்க்க டஸ்டரை எடுத்து அழித்தேன். இரண்டு வரியும் போய், பலகையில் வெள்ளைப் புகை மாதிரி ஒரு கறை மட்டும் நின்றது. அன்று மதியம் சோறு இறங்கவில்லை. நோட்டை அடுப்பில் போட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

சாயங்காலம் கடைசி மணி அடித்த பிறகு அவரே என் வகுப்புக்கு வந்தார். கையில் உரையோடு கூடிய புறநானூறு. 206-ஆம் பாட்டைத் திறந்து என்னையே படிக்கச் சொன்னார். அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தர நாள் கடத்துகிறான். ஔவைக்குக் கோபம். ‘வாயிலோயே! வாயிலோயே!’ என்று காவல்காரனைக் கூப்பிட்டுக் கேட்கிறாள்: உன் தலைவனுக்குத் தன்னைத் தெரியாதா, என்னைத் தெரியாதா? அறிவும் புகழும் உடையவர்கள் எல்லாம் செத்து உலகம் ஒன்றும் வெறிச்சோடிப் போய்விடவில்லை. ‘காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை.’ யாழைத் தோளில் மாட்டியாயிற்று, மூட்டையைக் கட்டியாயிற்று. கைத்திறன் உள்ள தச்சன் பிள்ளைகள் கோடரியோடு காட்டுக்குப் போனால் மரத்துக்கா பஞ்சம்? எங்களுக்கும் அப்படித்தான். அதன் பிறகுதான் அந்தக் கடைசி வரி வருகிறது.

“அதியமான் ஆண்ட தகடூர்னா எது? நம்ம தர்மபுரிதான்” என்றார். அதற்கு முந்தின வருஷம்தான் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் கல்வெட்டு கிடைத்திருந்தது. ‘அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’, அதாவது அஞ்சி கொடுத்த குகை இருப்பிடம், என்று அதில் இருந்ததைச் சாக்பீஸால் எழுதிக் காட்டி, “பேரு கல்லுலயே இருக்கு, பாரு” என்றார். அப்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. புறநானூற்று ஔவை வேறு, ‘திரைகடல் ஓடியும்’ வருகிற கொன்றை வேந்தனைப் பாடிய ஔவை வேறு, நடுவில் பல நூறு வருஷம் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பிறகு என் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். “நல்ல சேகரம்டா. ஆனா எல்லாம் வேரோட புடுங்கின செடி” என்றார். இனிமேல் வரியை வலப்பக்கத்தில் எழுது; இடப்பக்கத்தைச் சும்மா விட்டுவை. சொன்னவர், கேட்டவர், சொன்ன இடம், முன்னும் பின்னும் உள்ள வரி, தெரியத் தெரிய அங்கே எழுது. தெரியாவிட்டால் காலியாகவே இருக்கட்டும். அவர் சொன்னது இவ்வளவுதான். என் சேகரத்தின் நிஜமான சந்தோஷம் அன்றைக்குத்தான் தொடங்கியது. ஒரு வரிக்கு இடப்பக்கம் நிரம்ப ஆறு மாதம் ஆகும், சிலதுக்கு ஆறு வருஷம். ‘உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே’ என்பதை மணிமேகலை என்று எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் நூலகத்தில் அதே வரி புறநானூற்று 18-ஆம் பாட்டில் கண்ணில் பட்டது. நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். அவரிடம் சொல்ல ராமக்காள் ஏரி வரை சைக்கிளை மிதித்தேன். “தனியா கண்டுபிடிச்சியா?” என்று இரண்டு முறை கேட்டார்.

1990-இல் சிங்கப்பூருக்கு விசா வந்தது. சொல்லிக்கொள்ளப் போனேன். “எத்திசைச் செலினும்னு கிளம்பிட்ட” என்று மெல்லச் சொன்னவர், நோட்டைக் கேட்டார். அந்த வரியின் இடப்பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு கேள்வி எழுதித் திருப்பித் தந்தார்.

‘பிறகு போனாளா?’

பரீட்சைக் கேள்வி போல எடுத்துக்கொண்டேன். பயண அவசரம் வேறு. கப்பல் பட்டறையில் ஃபிட்டர் வேலை, ஓவர்டைம், தங்கை கல்யாணம், வீட்டுக் கடன் என்று வருஷங்கள் ஓடிவிட்டன. நோட்டு பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

விக்டோரியா தெரு நூலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புறநானூற்றை மறுபடி எடுத்தேன். 101-ஆம் பாட்டில் அதே ஔவை, அதே அதியமானைப் பற்றி: ஒருநாள் இரண்டு நாள் இல்லை, பலநாள் பலரோடு போனாலும் முதல்நாள் போன்ற விருப்பத்தோடு வரவேற்பான். பரிசில் தாமதமானாலும் அது யானை தன் கொம்புகளுக்கு நடுவே வைத்த கவளம் மாதிரி, தப்பாது. இன்னும் தள்ளி 235. அவன் மார்பில் பாய்ந்த வேல் புலவர்களின் நாவில் போய் விழுந்தது என்று அவளே அழுகிறாள். மூட்டையைக் கட்டிவிட்டேன் என்று வாசலில் நின்று சண்டை போட்டவள்தான், அவன் செத்த அன்று அழுதவளும்.

ஐயாவிடம் சொல்ல வேண்டும் என்று அன்றே நினைத்தேன். ஊருக்குப் போனது பதினைந்து பதினைந்து நாள். பத்திரப் பதிவு, காதுகுத்து, அம்மாவின் கண் ஆபரேஷன். அவர் வீடு இருக்கும் தெரு வழியாக இரண்டு முறை காரில் போயிருக்கிறேன். இறங்கவில்லை. அடுத்த முறை நிதானமாக உட்கார்ந்து பேசலாம் என்றுதான் இருந்தேன்.

அன்று இரவு நோட்டை மேசையில் விரித்து வைத்தேன். சிவப்பு மை பழுப்பாகியிருந்தது. பையனிடம் பேனா வாங்கி, அவர் கேள்விக்குக் கீழே, என் பழைய கையெழுத்து வரும்வரை மெதுவாக எழுதினேன்:

‘அவள் போகவில்லை, ஐயா. புறம் 235.’