செவலைக்கு வந்த உண்ணிக் காய்ச்சலும் எங்கள் வீட்டுச் சுவரும்

எங்கள் தெருவில் திரிந்த பெண் நாய் செவலையை வீட்டோடு சேர்த்துக்கொண்ட கொஞ்ச நாளிலேயே அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோழிச் சோறு வைத்தால் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஈறு வெளுத்திருந்தது. அடிவயிற்றில் முடி இல்லாத இடத்தில் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். ஒரு நாள் காலையில் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியதும் தாம்பரத்தில் இருக்கும் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அவர் முதலில் பார்த்தது காது மடலின் உள்பக்கத்தைத்தான். அப்புறம் கால் விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில், வாலுக்குக் கீழே. எல்லா இடத்திலும் உண்ணி. காய்ச்சல் 104 டிகிரி. (நாயின் உடம்புச் சூடு இயல்பாகவே 101, 102 இருக்கும், 103-ஐத் தாண்டினால்தான் கவலைப்பட வேண்டும்.) ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் 50,000-க்கும் கீழே இருந்தது. நன்றாக இருக்கும் நாய்க்கு 2 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. கிளினிக்கிலேயே ஒரு ஸ்நாப் கிட்டில் சில சொட்டு ரத்தம் விட்டார். உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமிக்கான புள்ளி நீலமாக எழும்பியது. அதே கிட்டில், கொசு வழியாக வரும் இதயப்புழுவுக்கும் ஒரு புள்ளி உண்டு, அது வரவில்லை.

“எர்லிக்கியா உறுதிம்மா. பபீசியாவும் சேர்ந்து இருக்கான்னு பாத்துடலாம். ரெண்டுமே உண்ணி வழியாத்தான் வரும், ஆனா மருந்து வேற வேற” என்றார். எர்லிக்கியா வெள்ளணுவுக்குள் இருக்கும் பாக்டீரியா. பபீசியா சிவப்பணுவைத் தின்னும் ஒட்டுண்ணி. ஒன்றுக்கான மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றது உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் பிசிஆர் பரிசோதனையும் எடுத்தோம். பபீசியா இல்லை என்று வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மருந்து டாக்சிசைக்ளின், 28 நாள். இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் வாரத்திலேயே நாய் எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கு ஓடும். “அதான் சரியாயிடுச்சே” என்று அப்போது மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கிருமி மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் ஒளிந்திருந்து மாதக்கணக்கில் கழித்து, சில சமயம் வருடம் கழித்துத் திரும்ப வரும். அப்படி முற்றிய நிலையில் மஜ்ஜையில் ரத்தம் ஊறுவதே நின்றுவிட்டால் காப்பாற்றுவது மிகக் கஷ்டம். 28 என்றால் 28 தான்.

இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும். தொண்டையில் ஒட்டிக்கொண்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். பாலோடும் தயிரோடும் கொடுத்தால் சரியாக உடம்பில் சேராது, அதனால் தயிர் சாதம் வேறு வேளைக்குப் போனது. செவலை இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் சுத்தமாகத் துப்பிவிடுவாள். வேகவைத்த ஈரலைக் கீறி உள்ளே திணித்துக் கொடுத்தபோதுதான் விழுங்கினாள். உடனே தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டுவோம். காய்ச்சலுக்கு என்று நாம் போடும் மாத்திரை எதையும் தொடவே கூடாது. பிளேட்லெட் குறைந்த நாய்க்கு அது உயிருக்கே ஆபத்து.

இவ்வளவும் பாதி வேலைதான். மீதிப் பாதி நாயிடம் இல்லை, வீட்டில் இருக்கிறது. உண்ணி பிரச்சினை தீரவே மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “சுவரைப் பாத்தீங்களா?” என்றுதான்.

நம் ஊர் நாய்களிடம் இருப்பது பழுப்பு நாய் உண்ணி. அது குஞ்சாக ஒரு முறை, இளம் உண்ணியாக ஒரு முறை, வளர்ந்த பிறகு ஒரு முறை என்று மூன்று தடவை நாயின் மேல் ஏறி ரத்தம் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் கீழே விழுந்து, எங்காவது ஒரு விரிசலில் பதுங்கித் தோல் உரித்துக்கொள்ளும். கடைசியில் பெண் உண்ணி வயிறு முட்டக் குடித்து, ஆமணக்கு விதை போலச் சாம்பல் நிறத்தில் உருண்டு விழும். தரையில் கிடக்காது, சுவரோரமாக மேலே ஏறும். ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். நம் வெயிலுக்கு இந்தச் சுற்று முழுவதும் இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும். வளர்ந்த உண்ணி ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் பல மாதம் தாக்குப்பிடிக்கும். நாயின் மேல் நாம் பார்ப்பது சொற்பம்.

எங்கள் வீட்டில் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோது நிலைப்படிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் கடுகைவிடச் சின்னதாகக் குஞ்சுகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. ஸ்விட்ச் பெட்டிக்குப் பின்னால், அவள் படுக்கும் சாக்கின் தையலில், கட்டிலின் அடிச் சட்டத்தில் எல்லாம் இருந்தன. சாக்கை எரித்தோம். படுக்கைத் துணிகளைக் கொதிக்கும் தண்ணீரில் ஊறவைத்தோம். விரிசல்களைச் சிமெண்ட் வைத்துப் பூசினோம். மருந்து அடிப்பவரை வரவழைத்து மூலைமுடுக்கெல்லாம் அடித்து, காயும்வரை செவலையை மொட்டை மாடியில் வைத்திருந்தோம். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் இடைவெளி விட்டுத் திரும்பவும் அடிக்க வேண்டும். அப்பாவுக்கு இதில் நம்பிக்கையே இல்லை; “வேப்பெண்ணெய் தடவினா போதாதா?” என்றார். தடவட்டும், தப்பில்லை. ஆனால் காய்ச்சல் கண்ட நாயை அதை மட்டும் நம்பி விட முடியாது.

தினமும் கையால் பிடுங்குவதும் போதாது. உண்ணி கடித்துச் சில மணி நேரத்திலேயே எர்லிக்கியாவைக் கடத்திவிடும். பிடுங்கும்போது சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போட வேண்டும். மண்ணெண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம்.

செவலைக்கு இப்போது மாதம் ஒரு முறை உண்ணியைக் கொல்லும் அஃபாக்சோலேனர் மாத்திரை. ஃப்ளூரலேனர் என்றால் ஏறக்குறைய மூன்று மாதம் தாங்கும். வலிப்பு வந்த நாயாக இருந்தால் இந்த வகையைக் கொடுக்கும் முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-லேயே எச்சரித்திருக்கிறது. கழுத்தில் விடும் சொட்டு மருந்து வாங்கினால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறதா என்று பாருங்கள். நாய்க்கு ஒன்றும் ஆகாது. வீட்டில் பூனை இருந்தால் அதற்கு விஷம்.

உண்ணி மாத்திரையே கொசு வழியாக வரும் இதயப்புழுவையும் தடுத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தடுக்காது. அதற்கு மில்பெமைசின், ஐவர்மெக்டின் போன்ற வேறு மருந்து வேண்டும். சில மாத்திரைகளில் இரண்டும் சேர்ந்தே வரும். கொசு கடித்து உள்ளே விட்ட குஞ்சுப்புழு, ஆறு ஏழு மாதத்தில் வளர்ந்து நுரையீரல் தமனியிலும் இதயத்திலும் குடியேறும். பெண் புழு 30 சென்டிமீட்டர் வரை நீளும், 5 முதல் 7 வருடம் உயிரோடு இருக்கும். நாம் கொடுக்கும் மாத்திரை, போன மாதம் உள்ளே வந்த குஞ்சுகளைக் கொல்கிறது, வளர்ந்த புழுவை அல்ல. அதனால்தான் தொடங்கும் முன் பரிசோதனை. ஏற்கெனவே ரத்தத்தில் குஞ்சுப்புழு நிறைந்திருந்தால் மருந்து பட்டதும் நாய் அதிர்ச்சியில் விழவும் கூடும். ஐவர்மெக்டின் ஊசியைக் கடையில் வாங்கித் தாங்களே போடுகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. கோலி இன நாய்களில் பலவற்றுக்கு அது மூளையைத் தாக்கும்.

இதயப்புழு விஷயத்தில் கிட் காட்டுவது வளர்ந்த பெண் புழுவின் அடையாளத்தை மட்டும்தான். தெருவில் இருந்தபோது கொசு கடித்திருந்தால் முதல் பரிசோதனையில் தெரியாது என்பதால் ஆறு மாதம் கழித்துத் திரும்ப எடுத்தோம். இதயப்புழு இல்லை. எர்லிக்கியா புள்ளி மட்டும் அப்போதும் நீலமாகத்தான் வந்தது. அந்தப் புள்ளி காட்டுவது கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கிய எதிர்ப்பொருளை, குணமான பிறகும் அது பல மாதம் ரத்தத்தில் இருக்கும், அதைப் பார்த்துத் திரும்ப மருந்து தொடங்கத் தேவையில்லை என்று டாக்டர் விளக்கினார். அவர் பார்த்தது பிளேட்லெட்டை. அது 2 லட்சத்தைத் தாண்டியிருந்தது. மார்கழியிலும் இதயப்புழு மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றார், சென்னையில் கொசு ஓயும் மாதம் கிடையாதே. டீக்கடை வாசலில் படுக்கும் மற்ற நாய்களுக்கும் அவரே எடை பார்த்து உண்ணி மாத்திரை எழுதித் தந்தார். அந்தச் செலவைத் தெருவில் நான்கு வீட்டார் பங்கு போட்டுக்கொள்கிறோம்.