வீட்டை விட்டுக் கிளப்பினார்கள், பாஷை வந்தது

2019 ஜனவரி கடைசியில் உளுந்து பார்க்க என்னை ரங்கூனுக்கு அனுப்பினார்கள். விருதுநகரில் பெரியப்பாவுக்குப் பருப்பு மண்டி. பர்மா உளுந்தை இருபது வருஷமாக வாங்குகிறோம், ஆனால் வீட்டில் ஒருத்தருக்கும் பர்மியம் தெரியாது. "புரோக்கர் சொல்றதையே எத்தன நாளைக்குக் கேட்டுட்டு இருக்கிறது? அங்கேயே கெட. பாஷை தானா வரும்" என்றார்.

வரவில்லை. முதல் 12 நாள் ஒரு சொல் கூட ஒட்டவில்லை.

விசாவில் சிக்கல் இல்லை. அழைப்புக் கடிதம் வந்தது, 70 நாள் பிசினஸ் விசா கிடைத்தது. டாலர்தான் முதல் அடி. பர்ஸில் இரண்டாக மடித்து வைத்திருந்த நூறு டாலர் நோட்டைப் பணம் மாற்றுகிறவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மடிப்பை விரலால் தடவினார், திருப்பித் தந்துவிட்டார். கல்யாண மொய்க்கு வைப்பது போலப் புது நோட்டாக, மடிக்காமல் கொண்டுபோங்கள்.

நான் தங்கியது தெரிந்த தமிழ்க் குடும்பத்தில். நாலு தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள். அந்த வீட்டு அப்பத்தா தமிழ்நாட்டைப் பார்த்ததே இல்லை, ஆனால் பேசுகிற தமிழில் எங்கள் ஊர் வாசனை அடிக்கும். காலையில் இட்லி, ராத்திரி டிவியில் தமிழ் சீரியல். கடைக்குப் போனால் நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுப் பையன் பர்மியத்தில் பேசி முடித்திருப்பான். அக்காவிடம் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால், "அதெல்லாம் எதுக்கு தம்பி, நாங்க இருக்கோம்ல" என்பார். அவ்வளவு அன்பு. பர்மியம் கற்க நினைக்கிறவர் தமிழர் வீட்டில் தங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். சாப்பிடப் போங்கள், ராத்திரி தங்காதீர்கள்.

ராத்திரி தங்குவதில்தான் வினையே வந்தது. வெளிநாட்டுக்காரன் வீட்டில் வந்து தங்கினால் வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டது எங்கள் தப்பு. பத்தாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் லேசாகச் சொல்லிக் காட்டிய பிறகுதான் அண்ணனும் அக்காவும் நானும் கிளம்பினோம்.

சென்னையில் வாங்கிய ஒரு பழைய புத்தகத்திலிருந்து ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நான் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன், அவ்வளவுதான். சொன்னேன். அந்த எழுத்தர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: "நீங்க ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசுறீங்க தம்பி." பர்மியத்திலும் நம்மைப் போலவே எழுத்து ஒன்று, பேச்சு ஒன்று. புத்தகத்தில் வாக்கியம் 'தி' என்று முடியும், தெருவில் அதுவே 'டெ'. நான் பஸ் கண்டக்டரிடம் "ஐயன்மீர், பயணச்சீட்டு நல்குவீராக" என்று கேட்ட மாதிரி ஆகிவிட்டது. புத்தகம் வாங்கினால் பேச்சு மொழிப் புத்தகமா என்று பார்த்து வாங்குங்கள்.

எழுத்தர் கேட்டது குடும்ப அட்டையின் அசல். அங்கே ரேஷன் கார்டைவிட முக்கியமான காகிதம் அது, வீட்டில் யார் யார் என்ற பட்டியல். அசல் மோல்மேன் ஊரில் இருக்கும் அவர்கள் தம்பி வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. ராத்திரி பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொன்னார்கள், மறுநாள் வந்தது. கொண்டுபோனால் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. இமிக்ரேஷன் அலுவலகத்தில் கேளுங்கள் என்றார். அங்கே போனால் ஆள் இல்லை. மறுநாள் ஆள் இருந்தார், பாஸ்போர்ட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார், 'மனெப்யன்' என்றார். நாளைக்கு என்று அர்த்தம். நானும் நாளைக்கு வர எழுந்தேன். அண்ணன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நாளைக்குன்னா முடியாதுன்னு அர்த்தம். மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொன்னா நம்ம மனசு நோகுமாம். அதுக்கு ஆனாடென்னு பேரு."

ஆனாடெ. நான் உருப்படியாகக் கற்ற முதல் சொல் அதுதான். நல்ல மனசுதான், ஆனால் அந்த நல்ல மனசால் எனக்கு மூன்று நாள் போச்சு. அன்று சாயங்காலமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வெளிநாட்டுக்காரரைத் தங்க வைக்க உரிமம் உள்ள ஒரு கெஸ்ட் ஹவுஸுக்குப் போனேன். பருப்பு, உளுந்து மொத்த வியாபாரம் நடக்கும் பயின்னவுங் மார்க்கெட்டுக்குப் பக்கம். அப்பத்தா அழுதார். எனக்கும் என்னவோ போலத்தான் இருந்தது, பெட்டியில் பாதி அவர் கொடுத்த முறுக்கு.

கெஸ்ட் ஹவுஸில் தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. அங்கிருந்துதான் கணக்கு ஆரம்பம்.

எதிரே ஒரு டீக்கடை. பர்மா டீக்கடையில் ஆளைக் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தம் கொடுக்கிற மாதிரி சத்தம் எழுப்ப வேண்டும். விருதுநகரில் அப்படிச் செய்தால் பல்லு இருக்காது. நாலு நாள் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன், ஒருத்தரும் திரும்பவில்லை. ஐந்தாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு சத்தம் கொடுத்தேன். ஐராவதி டெல்டாவிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு பையன் ஓடி வந்தான். அவன்தான் என் வாத்தியார்.

அவன் கொண்டுவருவது நான் நினைத்ததை அல்ல, என் வாய் சொன்னதை. இனிப்புக் குறைவாக, ஸ்ட்ராங்காக வேண்டும் என்றால் 'ஜா செய்ங்'. 'ச்சோ செய்ங்' என்றால் கண்டென்ஸ்டு மில்க் பாயசம். நான் முதலாவதைச் சொல்வதாக நினைத்து இரண்டாவதைச் சொல்லி, ஒரு வாரம் பாயசம் குடித்தேன். மேஜையில் சும்மா வைத்திருக்கும் பச்சைத் தேநீரை ஊற்றி ஊற்றித் தொண்டையைக் கழுவினேன்.

இழுப்பும் குரல் ஏற்ற இறக்கமும்தான் கஷ்டம். 'சா' என்று ஒரே சத்தம். தாழ்த்தி இழுத்தால் எழுத்து, கடிதம். அழுத்தி இறக்கினால் சாப்பிடு. தொண்டையில் வெடுக்கென்று நறுக்கினால் தொடங்கு. பையன் மூன்றையும் சொல்வான், எனக்கு மூன்றும் சாவாகத்தான் கேட்கும்.

ஆனால் வாக்கிய அமைப்பு தமிழனுக்கு அல்வா. வினை கடைசியில்தான். "நாளைக்குக் கடைக்குப் போவேன்" என்பது 'மனெப்யன் சைங்கோ த்வாமெ'. மனெப்யன் நாளை, சைங் கடை, 'கோ' நம்ம 'கு'. தலையைத் திருப்பிப் போட வேண்டியதே இல்லை. பார்த்ததும் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்கிற பழக்கமும் அப்படியே. யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடாமல் வயசுக்குத் தக்க அண்ணன், தம்பி, அக்கா என்று சமாளிப்பதும் நம்ம ஊர்தான். இங்கிலீஷ் வழியாக யோசித்த நாளெல்லாம் வீண். தமிழில் யோசித்துச் சொற்களை மட்டும் மாற்றிப் போட்டேன், ஓட ஆரம்பித்தது.

அப்புறம் எண்கள். வியாபாரிக்கு வேறு எது வந்து என்ன, எண் வரவில்லை என்றால்? எடை பெய்தா. நாம் வீசை என்கிறோமே அந்த வம்சம்தான், ஆனால் நம்ம பழைய வீசையைவிடப் பெரிது, 1.63 கிலோ. லட்சத்தில் எண்ணுவார்கள், 'தெய்ங்' என்று அதற்குத் தனிச் சொல்லே உண்டு. இதுவரை சந்தோஷம். மாட்டியது ஆயிரமும் பத்தாயிரமும். ஆயிரம் 'தவுங்', பத்தாயிரமும் 'தவுங்'. அதாவது என் காதுக்கு. முதலாவதில் 'த'வோடு மூச்சுக் காற்று வர வேண்டும், இரண்டாவதில் நாக்கு நுனி பல்லுக்கு நடுவே வர வேண்டும். தமிழில் இரண்டுக்கும் இருப்பது ஒரே ஒரு த.

மார்ச்சில் ஒரு நாள் புரோக்கர் இல்லாமல் தனியாகவே லோடு ஏற்றப் போனேன், அவ்வளவு தைரியம் வந்திருந்தது. மேஸ்திரியிடம் கூலி கேட்டேன். 'சவுக் தவுங்' என்றார். சவுக் என்றால் ஆறு. பையிலிருந்து ஒரு ஐயாயிரம் சாட் நோட்டும் ஒரு ஆயிரமும் எடுத்து, வலது முழங்கையை இடது கையால் தொட்டபடி மரியாதையாகக் கொடுத்தேன். அதுகூடக் கற்று வைத்திருந்தேன் பாருங்கள். அவர் வாங்கிக்கொண்டார், சிரித்தார். நானும் சிரித்தேன். எட்டு பேர் மூட்டைமேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். அரை மணி நேரம் போயிற்று, ஒரு மூட்டை நகரவில்லை. மேஸ்திரி நோட்டு இரண்டையும் விரல் நடுவே அப்படியே பிடித்திருந்தார், சட்டைப்பையில் வைக்கவே இல்லை. மறுபடி சிரித்தார்.

அப்போதுதான் உறைத்தது. ஆனாடெ. அறுபதாயிரம் என்று மனுஷன் சொல்லியிருக்கிறார், கொடுத்தது பத்தில் ஒரு பங்கு, அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சம்.

நான் நாக்கைப் பல்லுக்கு நடுவே கொண்டுபோய் 'சவுக் தவுங்?' என்று கேட்டேன். எட்டு பேரும் ஒரே நேரத்தில் 'ஹொடெ, ஹொடெ' என்றார்கள். ஆமாம், ஆமாம். ஆறு பத்தாயிரம் நோட்டை எண்ணிக் கொடுத்தேன். முக்கால் மணியில் லாரி நிறைந்தது. அன்றிலிருந்து எந்தத் தொகை சொன்னாலும் கால்குலேட்டரில் அடித்துக் காட்டிவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், வெட்கப்படாதீர்கள். இரண்டும் ஏழும்கூட 'ஹ்னி', 'குன்னி' என்று காதை ஏமாற்றும்.

ஒரே ஒரு தப்பு மட்டும் கடைசிவரை போகவில்லை. மரியாதைக்கு வாக்கியத்தின் கடைசியில் ஆண் 'கம்யா' சேர்க்க வேண்டும், பெண் 'ஷின்'. கெஸ்ட் ஹவுஸ் வரவேற்பில் இருந்த மூன்று பெண்களும் நாள் முழுக்க 'ஷின், ஷின்' என்று பேசியதைத்தான் என் காது பிடித்தது. டீக்கடைப் பையன் எவ்வளவோ திருத்தினான். மேஸ்திரிகூட ஒருநாள் மீசையைத் தொட்டுக் காட்டினார்.

ஏப்ரலில், விசா முடிய இரண்டு நாள் இருக்கும்போது கிளம்பினேன். ரங்கூன் விமான நிலையத்தில் இமிக்ரேஷன் கவுன்டரில் இருந்த மனுஷன் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, பர்மியம் பேசுவீர்களா என்று பர்மியத்திலேயே கேட்டார். கேள்வி முழுசாகப் புரிந்த பெருமையில் நெஞ்சை நிமிர்த்தி, "ஹொக்கே ஷின்" என்றேன்.

அவர் முத்திரையைக் குத்தி, பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் நீட்டி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "ஹொக்கே ஷின்" என்றார்.