தண்டனை நிறைவேறிய நாள்

'லா அண்ட் ஆர்டர்' நான் பொதுவாக ஏதாவது வேலை செய்துகொண்டே பார்க்கிற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர், கதை நடப்பது நியூயார்க்கில். துணி மடிப்பேன், பீன்ஸ் நறுக்குவேன், நடுவில் இரண்டு நிமிடம் எழுந்து போய் வந்தாலும் கதை விட்டுப்போகாது. முதல் பாதியில் போலீஸ் ஆளைப் பிடிக்கும், அடுத்த பாதியில் வழக்கறிஞர்கள் கோர்ட்டில் மோதுவார்கள், நடுநடுவே கறுப்புத் திரையில் இடமும் தேதியும் வந்து அந்த 'டங் டங்' சத்தம் கேட்கும், அவ்வளவுதான். 1990-இல் தொடங்கியதிலிருந்து வருஷக்கணக்காக இந்த அச்சை அவர்கள் மாற்றவே இல்லை. போன வாரம் ஆறாவது சீசனின் கடைசி எபிசோடை, 1996 மே மாதம் ஒளிபரப்பான 'ஆஃப்டர்ஷாக்'கை, மறுபடி பார்த்தேன். கூடை நிறையத் துணியோடு உட்கார்ந்தவள், எபிசோட் முடியும்போது ஒரு துணிகூட மடித்திருக்கவில்லை.

இதில் கொலை இல்லை, விசாரணை இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. தொடங்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. மிக்கி ஸ்காட் என்ற குற்றவாளிக்கு விஷ ஊசி போட்டு மரண தண்டனை நிறைவேற்றுகிறார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவனைப் பிடித்த டிடெக்டிவ்கள் பிரிஸ்கோவும் கர்ட்டிஸும், அவனுக்குத் தண்டனை வாங்கிக்கொடுத்த அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் மெக்காயும் கிளேர் கின்கெய்டும். அந்தக் காட்சியில் எந்த வசனமும் என் நினைவில் நிற்கவில்லை, அந்த நான்கு முகங்கள்தான் நிற்கின்றன. வெளியே வந்ததும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து போகிறார்கள். அப்புறம் வருவதெல்லாம் அந்த ஒரே நாள்தான்.

இந்தக் கதை எப்போது எழுதப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் கடைசியாக மரண தண்டனை நிறைவேறியது 1963-இல், சிங் சிங் சிறையின் மின்சார நாற்காலியில். அதற்கப்புறம், மரண தண்டனை வேண்டும் என்று வந்த மசோதாக்களை ஆளுநராக இருந்த மாரியோ குவோமோ வருஷா வருஷம் நிராகரித்துக்கொண்டே இருந்தார். 1994 தேர்தலில் அவரைத் தோற்கடித்த ஜார்ஜ் பட்டாக்கி 1995 மார்ச்சில் கையெழுத்துப் போட்டுச் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். அது நடந்து ஒரு வருஷம் சொச்சத்தில் வந்த எபிசோட் இது. ஆனால் நிஜத்தில் அந்தச் சட்டத்தின் கீழ் ஒருவருக்குக்கூடத் தண்டனை நிறைவேறவில்லை. 2004-இல் அந்த மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம், ஜூரிகளுக்குள் ஒருமித்த முடிவு வராவிட்டால் நீதிபதி அவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று இருந்த பகுதி அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று சொல்லிவிட்டது, அதோடு சட்டமும் செயலற்றுப் போனது. நியூயார்க் நிஜத்தில் பார்க்காத அந்த நாளை இந்த எபிசோட் பார்த்துவிட்டது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. மரண தண்டனை சரியா தவறா என்று இரண்டு பேரை எதிரெதிரே நிற்கவைத்துப் பேசவிட்டிருக்கலாம், முன்பு அப்படியும் செய்திருக்கிறார்கள். இங்கே அதை விட்டுவிட்டு, சரியான ஆளைப் பிடித்து, சட்டப்படி வாதாடி, கேட்ட தண்டனையே கிடைத்தும் அந்த நான்கு பேரால் அன்றைக்கு ஏன் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை என்று காட்டுகிறார்கள்.

கர்ட்டிஸின் பகுதி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. மனைவி குழந்தைகள் என்று ஒழுங்காக இருக்கிற மனுஷன் பார்க்கில் ஒரு இளம் பெண்ணோடு பேச ஆரம்பித்துத் தடுமாறிப் போவது. அந்தப் பெண்ணாக வருவது, அன்றைக்குப் பெயர் பெறாத ஜெனிஃபர் கார்னர். மெக்காய் பாரில் உட்கார்ந்து குடித்துக்கொண்டு தன் அப்பாவைப் பற்றிப் பேசுகிறார். கோர்ட்டில் அந்தக் குரல் எப்படி அறையும் என்று தெரிந்தவர்களுக்கு, இங்கே அது அடங்கிக் குழைவதைக் கேட்கக் கஷ்டமாக இருக்கும்.

ஆனால் பிரிஸ்கோ. ஜெர்ரி ஆர்பாக் என்ற நடிகரை நான் நேசிக்க ஆரம்பித்ததே இந்த எபிசோடில்தான். பிரிஸ்கோ பல வருஷமாகக் குடியை விட்டவர். எந்தப் பிணத்தைப் பார்த்தாலும் ஒரு வரி சொல்லிவிட்டு நகர்கிறவர். அன்றைக்கு மகள் கேத்தியோடு மதியம் சாப்பிடப் போகிறார். அப்பா பக்கத்தில் இல்லாமலே வளர்ந்த பெண். இரண்டு பேருக்கும் நடுவில் சாப்பாட்டு மேஜை மட்டும்தான், ஆனாலும் அவர் எவ்வளவு முயன்றும் அவளை எட்ட முடியவில்லை. சிரிக்க வைக்கப் பார்க்கிறார், அந்தச் சிரிப்பு வரவில்லை. அதற்கப்புறம்தான் அவர் கையில் கிளாஸ் வருகிறது. இரண்டு வருஷம் கழித்து, எட்டாவது சீசனில், அதே மகள் போதைப்பொருள் விவகாரம் ஒன்றில் சாட்சி சொல்லப்போய்க் கொல்லப்படுவாள். அது தெரிந்த பிறகு இந்தச் சாப்பாட்டுக் காட்சியைப் பார்த்தால் தொண்டை அடைக்கிறது.

கிளேர் அன்று முழுக்க, இந்த வேலையில் தொடர்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே அலைகிறாள். ராத்திரி மெக்காயைக் கூட்டிப்போக அந்த பாருக்கு வருகிறாள், அவர் அதற்குள் கிளம்பிப் போய்விட்டார். அங்கே இருப்பது பிரிஸ்கோ, நல்ல போதையில். சரி, இவரையாவது வீட்டில் விடுவோம் என்று தன் காரில் ஏற்றிக்கொள்கிறாள். பேசிக்கொண்டே போகிறார்கள். பக்கவாட்டிலிருந்து வண்டி ஒன்று வந்து மோதுகிறது.

மூன்று சீசன் கூட இருந்த பெண். அரசு ஒரு உயிரை எடுத்ததைப் பற்றி நாள் முழுக்க யோசித்தவளின் உயிர் யாரோ ஓட்டிவந்த வண்டியில் போகிறது. அதற்கு முன்னால் ஒரு அறிகுறியும் இல்லை, இசையும் இல்லை. மெக்காய் கொஞ்சம் காத்திருந்திருக்கலாம், பிரிஸ்கோ குடிக்காமல் இருந்திருக்கலாம் என்று என் மனசு இன்னும் பின்னாலேயே ஓடிப்பார்க்கிறது.

ஏழாவது சீசனில் அவள் இடத்தில் ஜேமி ராஸ் வந்துவிடுவாள், வேலை பாட்டுக்கு ஓடும், கிளேரைப் பற்றிப் பேச்சே அதிகம் இருக்காது. எனக்கு அது ஆறவே இல்லை. அதனால் நீங்கள் பார்ப்பதாக இருந்தால், ஆறாவது சீசனில் முதலில் நாலைந்து எபிசோடாவது பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள், அப்போதுதான் இவர்கள் உங்களுக்குத் தெரிந்த மனிதர்களாக இருப்பார்கள். இதை முடித்த கையோடு எட்டாவது சீசனில் 'அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்' பாருங்கள். குடித்துவிட்டு வண்டியோட்டி ஆட்களைக் கொன்ற ஒருவன் மீது மெக்காய் கொலைக் குற்றமே சுமத்தியாக வேண்டும் என்று நிற்பார், அவனுக்குச் சாதகமான சாட்சியத்தை மறைக்கக்கூடத் துணிவார். கிளேரைக் கொன்றதும் குடித்துவிட்டு ஓட்டியவன்தான் என்பது அங்கேதான் வெளியே வரும்.