கொம்தார் கட்டியவரின் கடைவாய்ப் பல்

அப்பாவின் பல் கேப் கழன்றுவிட்டது. மலாக்காவிலிருந்து அத்தை கொண்டுவந்த டோடோலை, அந்தப் பிசுபிசு மிட்டாயை, ஒரு இழுப்பு இழுத்தார். டோடோலோடு கேப்பும் சேர்ந்தே வந்தது. "பார்த்தியா, டோடோலுக்கு இருக்கிற பிடிமானம் டாக்டர் சிமெண்டுக்கு இல்ல" என்று பெருமையாக வேறு காட்டினார். அடுத்த நிமிடம் சூப்பர் குளூவோடு கண்ணாடி முன்னால் நிற்கிறார். அம்மா பிடுங்கிக் கைப்பையில் போட்டு, அதே கையோடு கிளினிக்குக்கு இழுத்துப்போனார். நான் டிரைவர்.

சிமெண்ட் என்றால் அப்பாவிடம் யாரும் வாய் கொடுக்கக்கூடாது. வாலிபத்தில் பினாங்கு கொம்தார் கோபுரம் கட்டும்போது அங்கே சில மாதம் மூட்டை தூக்கினார். ஜெலுத்தோங் கோப்பிக் கடையில் கேட்டால் அந்த 65 மாடியையும் தனியாளாக எழுப்பியவர் அவர்தான்.

டாக்டர் நம்ம பிள்ளை, சின்ன வயசு. கேப்பைத் திருப்பிப் பார்த்தார். "பழைய ஜிங்க் பாஸ்பேட் சிமெண்ட், அங்கிள். இது பல்லுல ஒட்டாது. சொரசொரப்புல போய் இறுகி நிக்கும், அவ்வளவுதான்."

"அதத்தான் நானும் சொல்றேன்! சுவத்தக் கொத்தாம பூசினா நிக்குமா?"

டாக்டருக்கு ஆள் கிடைத்த சந்தோஷம். பீங்கான் ஒட்டும்போது தாங்களும் பல்லைக் கொத்துவதுண்டாம், 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட் வைத்து. பல்லின் மேல் ஓடான எனாமலில் ஆசிட் போடும் வித்தையை 1955-இல் புவோனோகோர் என்பவர் கண்டுபிடித்தாராம். அப்பாவுக்குப் போடப்போவது கிளாஸ் அயனோமர். கண்ணாடித் தூளை ஒரு ஆசிட் திரவத்தில் குழைப்பது. பல்லில் இருக்கும் கால்சியத்தையே பிடித்துக்கொள்ளும்.

"கண்ணாடித் தூளா? அது காத்தாடி நூலுக்குப் போடறது இல்ல?"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்பா கடைசி ஆயுதத்தை எடுத்தார். "என்ன கிரேட்?"

டாக்டர் சிரிக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். "அமுக்கினா 100 மெகாபாஸ்கல் பக்கம் தாங்கும், அங்கிள்."

அப்பா பேச்சை நிறுத்தி நான் பார்த்ததில்லை. நிறுத்தினார். கிரேட் என்பதும் அதே மெகாபாஸ்கல் கணக்குதான், எவ்வளவு அமுக்கத்தைத் தாங்கும் என்பது. வீடு கட்டுகிற காங்கிரீட் கிரேட் 25. கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்துக்கே 80 தான், அதை எங்கள் வீட்டுப் பூனைக்கும் சொல்லியிருக்கிறார். "அப்புறம் ஏன் டோடோலுக்குக் கழலுது?" என்றார் கொஞ்சம் கழித்து, சுருதி இறங்கி.

"டோடோல் அமுக்கலையே, இழுக்குது. இழுத்தா இந்தச் சிமெண்ட் பல்ல விட்டு வர்றதுக்கு ஏதோ அஞ்சு மெகாபாஸ்கல் போதும். உங்க காங்கிரீட்டும் இழுத்தா பத்துல ஒரு பங்குதானே தாங்கும்?"

"அதுக்குத்தான் உள்ள கம்பி போடறோம்" என்று முனகினார். பல்லுக்குள்ளும் கம்பி வைக்கிற வேலை உண்டு என்று டாக்டர் சொன்னதும் முகத்தைப் பார்க்கணுமே!

அடுத்த சண்டை தண்ணீருக்கு. எச்சில் பட்டால் பிடிமானம் போய்விடும், காய்ந்தே இருக்கணும் என்றார் டாக்டர். பூசினதுக்குத் தண்ணி காட்டாமல் விடுவதா, காங்கிரீட்டுக்கு 28 நாள்... என்று ஆரம்பிப்பதற்குள் வாயில் பஞ்சு போய்விட்டது. கேப்பை வைத்து, இறுகும்வரை கடித்துக்கொண்டே இருங்கள், வாயைத் திறக்கவே கூடாது என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த அறைக்குப் போனார்.

அம்மா நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டார்.

"குளியலறையில ஆறு டைல்ஸ் பேந்து கெடக்கு. என் தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னாடி கேட்டது. அவ பிள்ளைக்கு இப்ப கல்யாணம். ஊருக்கெல்லாம் பூசுறீங்க, எனக்கு எப்ப?" அதோடு விடவில்லை. கூரை ஒழுக்கு, கேட், 1998-இல் தம்பிக்குக் கொடுத்த கடன், எல்லாம் வரிசையாக வந்தது. அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த பல் தேய்க்கும் படத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"சனிக்கிழமை ஒட்டுவீங்களா?"

தலையாட்டினார். நானே பார்த்தேன்.

இப்போது கேட்டால், அது டாக்டர் வாசலில் நின்று "வலிக்குதா" என்று கேட்டதற்கு ஆட்டினது என்கிறார்.